நீட் இல்லாமலும் நலத்துறைக்கு வரலாம்: நோயின் சமூகக் காரணங்களை ஆராயும் மேற்படிப்பு – ஒரு வழிகாட்டி



நீட் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் நம் சமுதாயத்து வீடுகள் பலவற்றில் ஒரே மாதிரியான பேச்சுதான் நடக்கிறது. மதிப்பெண் போதவில்லை என்றால், ஒன்று மறுபடியும் ஓராண்டு கோச்சிங். இல்லையென்றால் கையில் கிடைக்கும் ஏதோ ஒரு பட்டப்படிப்பு. "நோயாளிகளுக்கு உதவ வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இனி அந்தப் பக்கமே போக முடியாது" என்று பிள்ளையும் மனதை மூடிக்கொள்கிறது. பி.ஏ. சமூகவியல், பி.எஸ்.சி. புள்ளியியல், பொருளாதாரம், சமூகப்பணி, நர்சிங் என்று எதையோ படித்து முடிக்கும்போது, அந்தப் பட்டத்தை வைத்தே பொது சுகாதாரத் துறைக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல யாரும் இருப்பதில்லை.

அந்த வழிதான் எம்.பி.எச். எனப்படும் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு. அதிலும் குறிப்பாக, நோயின் சமூகக் காரணிகளை ஆராயும் பிரிவு. சமூக நோய்ப்பரவலியல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் சோஷியல் எபிடெமியாலஜி. இந்தப் படிப்பு என்ன, எங்கே உள்ளது, யார் சேரலாம், வேலை கிடைக்குமா, நம் சமுதாயத்துக்கு இது ஏன் தேவை என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே நோய், இரண்டு கேள்விகள்

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதை உண்டாக்கும் கிருமியை 1882-ல் ராபர்ட் கோக் கண்டறிந்தார். நெஞ்சுச் சளியோடு வருபவரைப் பார்க்கும் மருத்துவர், "இவருக்குக் காசநோய் உள்ளதா? என்ன மருந்து தரலாம்?" என்று கேட்கிறார். அது அவசியமான கேள்விதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரே ஊரில் சில தெருக்களில் மட்டும் இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? காற்றோட்டமில்லாத வீடு காரணமா, பட்டினியா, செய்யும் தொழிலா, மருந்தைப் பாதியில் நிறுத்த வைக்கும் கூலி இழப்பா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதுதான் நாம் பேசும் படிப்பு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய் மரணங்கள், அதற்கான மருந்து புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே குறைந்து வந்தன. உணவும் குடியிருப்பும் மேம்பட்டதற்கு அதில் எவ்வளவு பங்கு என்பது குறித்து ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் நாட்டில் இதற்கு நேரடியான சான்று அண்மையில் கிடைத்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படி உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் அந்த ஆய்வு வெளியானது. மருந்துக்கடையில் கிடைக்காத, ரேஷன் கடையில் கிடைக்கும் ஒரு பொருள் நோயைத் தடுத்திருக்கிறது. ஆனால் அப்படி நிரூபிக்க, ஆயிரக்கணக்கான குடும்பங்களை முறைப்படி பிரித்து, பின்தொடர்ந்து, எண்ணிக் கணக்கிடத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

மக்கள் மீது பழி போடும் முன்

இந்தத் துறையில் இந்தியர்கள் பெருமைப்பட வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. 1960களின் தொடக்கத்தில், "கிராமத்து மக்கள் அறியாமையில் இருக்கிறார்கள், காசநோய் வந்தாலும் மருத்துவமனைக்கு வர மாட்டார்கள்" என்ற கருத்து அதிகாரிகளிடம் பரவலாக இருந்தது. பெங்களூருவிலுள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளிடமே விசாரித்தார்கள். 1963-ல் முடிவுகள் வெளியாயின. நோயாளிகளில் பெரும்பாலோர் தங்களுக்கு ஏதோ கோளாறு என்று உணர்ந்தே இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களுக்குப் போயும் இருந்தார்கள். அங்கே பலருக்குக் கிடைத்தது சளிப் பரிசோதனை அல்ல, இருமல் மருந்துதான்.

மக்கள் வரவில்லை என்பது பொய். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதுதான் உண்மை. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், தனி மருத்துவமனைகளை மட்டும் நம்பாமல், மக்கள் ஏற்கெனவே வந்து போகும் பொதுச் சுகாதார நிலையங்களிலேயே சளிப் பரிசோதனை செய்யும் வகையில் அமைந்ததற்கு இதுபோன்ற ஆய்வுகளே அடிப்படை. பானர்ஜி பின்னர் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவம் மற்றும் சமுதாய நல மையத்தை உருவாக்கினார்.

"அவர்கள் அப்படித்தான்" என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும்போது, "அவர்களிடமே கேட்டீர்களா?" என்று திருப்பிக் கேட்பதுதான் இந்தப் படிப்பின் சாரம். தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை அதிகம் கேட்டுப் பழகிய நம் சமுதாயத்துக்கு இதன் மதிப்பு எளிதில் புரியும்.

ஏழை, பணக்காரர் என்ற இரண்டு தட்டு மட்டுமல்ல

வறுமையால் நோய் வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதையும் தாண்டிய ஒன்றை லண்டன் ஆய்வு காட்டியது. 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். இருந்தும் மிகக் கீழ்நிலைப் பதவியில் இருந்தோரின் மரண விகிதம், உச்சப் பதவியில் இருந்தோரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நடுவிலிருந்த ஒவ்வொரு படியிலும் மேலே உள்ளவரைவிடக் கீழே உள்ளவருக்கு ஆபத்து அதிகம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மிச்சமிருந்தது. 1985-ல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியது. வேலையில் தன் முடிவுக்கு இடமே இல்லாமல் பிறர் ஏவலுக்கு ஆடவேண்டிய நிலையும் இதயநோயோடு தொடர்புடையது என்று அது காட்டியது.

இந்த ஆய்வுகளில் முக்கியப் பங்காற்றிய மைக்கேல் மார்மட்டின் தலைமையில்தான் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் ஓர் ஆணையத்தை அமைத்தது. அமர்த்தியா சென்னும் அதில் உறுப்பினர். 2008-ல் அது தந்த அறிக்கைக்குப் பிறகு உடல்நலத்தின் சமூகக் காரணிகள் என்பது உலகெங்கும் பல்கலைக்கழகப் பாடமாக வலுப்பெற்றது. பிறப்பு, வளர்ப்பு, கல்வி, வேலை, குடியிருப்பு, முதுமை ஆகிய ஒவ்வொன்றின் நிலைமையும் ஒருவரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதே அறிக்கையின் சுருக்கம்.

முஸ்லிம்களைப் பற்றிய இரண்டு பாடங்கள்

முதலாவது, போலியோ. 2000களில் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில், மக்கள்தொகை விகிதத்துக்கு அதிகமாக முஸ்லிம் குழந்தைகள் இருந்தார்கள். சொட்டு மருந்து கொடுத்தால் குழந்தைப் பேறு இல்லாமல் போகும் என்ற வதந்தியும் உலவியது. "முஸ்லிம்கள் மறுக்கிறார்கள்" என்று செய்தி முடிந்துவிட்டது. களத்தில் இறங்கிக் கேட்டவர்களுக்கு வேறு விஷயங்களும் தெரிந்தன. சாக்கடை வசதி இல்லை, காய்ச்சலுக்கு டாக்டர் இல்லை, வேறெதற்கும் வராத அரசாங்கம் இதற்கு மட்டும் ஏன் வீடு தேடி வருகிறது என்பது மக்களின் சந்தேகம். இன்னொரு பக்கம், நெருக்கடியும் கழிவுநீரும் நிறைந்த இடங்களில் குடல் தொற்றுகள் அதிகம் என்பதால் சொட்டு மருந்தின் ஒவ்வொரு தவணையும் குறைவாகவே பலன் தந்தது. பல தவணை குடித்த குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை உணர்ந்த பிறகு அணுகுமுறை மாறியது. அந்தந்த மொஹல்லாப் பெண்களே ஊக்குநர்களாக நியமிக்கப்பட்டார்கள். உலமாக்கள் முன்வந்தார்கள், பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற நிறுவனங்கள் துணை நின்றன. வயிற்றுப்போக்கு, கைகழுவுதல் பற்றிய பணியும் சேர்ந்துகொண்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ ஒருவருக்கும் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு இடம்பெற்ற தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

இரண்டாவது பாடம் நம்மில் பலருக்குத் தெரியாதது. 2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கை, கல்வியிலும் வருமானத்திலும் முஸ்லிம்கள் பின்தங்கியிருப்பதைப் பட்டியலிட்டது. அதே அறிக்கையில் ஒரு வியப்பும் இருந்தது: முஸ்லிம் குழந்தைகளின் இறப்பு விகிதம் தேசிய சராசரியைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. ஏழ்மை அதிகம், ஆனால் குழந்தைகள் பிழைப்பதும் அதிகம். ஏன்? பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டினார்கள். மைக்கேல் ஜெருசோ, டீன் ஸ்பியர்ஸ் ஆகிய இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடையை முன்வைத்தது. முஸ்லிம் குடும்பங்கள் சராசரியாகக் கழிப்பறையை அதிகம் பயன்படுத்துகின்றன. திறந்தவெளியில் மலம் கழிப்பது குறைவான அக்கம்பக்கத்தில் வளரும் குழந்தைக்குக் கிருமித் தொற்று குறைவு. அதன் பலன் அந்த வீட்டோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள பிற சமூகத்துக் குழந்தைகளுக்கும் சேர்கிறது.

தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தப் பழக்கம் அண்டை வீட்டாரின் குழந்தையையும் காக்கிறது என்பதைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துச் சொன்னவர்கள் யாரோ. அதைக் கண்டுசொல்ல நம்மில் ஒருவர் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழுவது இயல்பு. அதே சமயம், இதை வைத்துப் பெருமையடித்துக்கொள்ளவும் கூடாது. குழந்தை இறப்பில் கிடைத்த அனுகூலம் ஊட்டச்சத்திலோ பெண்கல்வியிலோ தானாக வந்துவிடாது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

கொள்ளைநோய் பரவியுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பி ஓடி வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது நாம் அறிந்ததே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கிடைத்தது. முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷிப் பெரியவர்கள் என்று ஒவ்வொரு தரப்பையும் அழைத்து ஆலோசித்துவிட்டே மக்களோடு திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். பிறகு அம்வாஸ் கொள்ளைநோயின்போது அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தகவல் திரட்டுவது, பலரிடம் கேட்பது, மக்கள் வாழும் இடத்தையும் நெருக்கத்தையும் மாற்றுவது ஆகியவற்றுக்கு நம் வரலாற்றில் முன்மாதிரி இருக்கிறது. விதியை நம்புவதும் காரணத்தைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

என்ன சொல்லித் தருவார்கள்?

பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. பாடங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. எண்ணிக் கணக்கிடுவது: நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், மாதிரி எடுக்கும் முறை. ஒரு சிறு உதாரணம். "எங்கள் ஊரில் புற்றுநோய் அதிகம்" என்று சொல்கிறோம். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? ஊரில் முதியவர்கள் அதிகமா? இளைஞர்கள் வெளிநாட்டில் இருப்பதால் விகிதம் கூடித் தெரிகிறதா? வெளியூரில் சிகிச்சை பெறுவோர் கணக்கில் வந்தார்களா? இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகே அந்தச் சொல் உண்மையா என்று தெரியும்.

2. கேட்டு அறிவது: நேர்காணல், குழு உரையாடல், களத்தில் தங்கிக் கவனிப்பது. மருத்துவச் சமூகவியல், மானிடவியல் பாடங்கள் இதில் வரும்.

3. அரசும் பணமும்: சுகாதாரக் கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம், காப்பீடு, சட்டம். 1939-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம், 1946-ன் போர் குழு அறிக்கை, 1978-ன் அல்மா-அட்டா பிரகடனம் போன்றவற்றை இங்கே படிப்பார்கள்.

4. களப்பணியும் ஆய்வேடும்: ஒரு கேள்வியை எடுத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, தரவு திரட்டி, எழுதி முடிக்க வேண்டும். படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கணக்கு என்றாலே பயப்படும் மாணவர்கள் தயங்க வேண்டாம். பிளஸ் டூ அளவு கணிதமும் உழைக்கும் மனமும் போதும். கணக்கிட ஆர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) 1936-ல் தொடங்கப்பட்டது. சமூக நோய்ப்பரவலியல் என்ற பெயரிலேயே அது எம்.பி.எச். நடத்திவந்துள்ளது. டெல்லி ஜே.என்.யூ.வின் சமூக மருத்துவ மையம் எம்.பி.எச்., பிஎச்.டி. படிப்புகளுக்குப் பெயர்பெற்றது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. மும்பையிலேயே, தேசிய குடும்பநல ஆய்வை நடத்தும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் மக்கள்தொகையியல் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. புள்ளியியல், கணிதம் படித்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

நம் பகுதியில், சென்னை ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பொது சுகாதாரம் அல்லது நோய்ப்பரவலியலில் முதுநிலைப் படிப்புகள் உண்டு. சில தனியார் பல்கலைக்கழகங்களும் நடத்துகின்றன. அங்கே சேரும் முன் ஆசிரியர்கள் யார், களப்பணி எத்தனை மாதம், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டில் லண்டனின் யூ.சி.எல்., லண்டன் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, அமெரிக்காவின் ஹார்வர்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆகியவை இத்துறையில் முன்னணியில் உள்ளன. லண்டன் பள்ளியின் சில முதுநிலைப் படிப்புகளைத் தொலைநிலையில் படிக்கலாம். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் சகோதர சகோதரிகள் இதைக் கவனிக்கலாம்.

யார் சேரலாம்? செலவுக்கு என்ன வழி?

தகுதி ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். சில நிறுவனங்கள் எந்தப் பட்டதாரியையும் ஏற்கின்றன. சில, மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், ஆயுஷ், பிசியோதெரபி போன்ற பட்டங்களைக் கேட்கின்றன. வேறு சில, சமூக அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களைச் சேர்க்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் டிஸ் நிறுவனத்திலும் அண்மைக் காலமாக சி.யூ.இ.டி. பி.ஜி. நுழைவுத்தேர்வு வழியே சேர்க்கை நடக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிக்கையை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

தமிழக அரசு நிறுவனங்களில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு உள்ளது. மத்திய நிறுவனங்களில் அது செல்லாது, அங்கே ஓ.பி.சி. 27 சதவீத ஒதுக்கீட்டில்தான் கேட்க முடியும். உங்கள் பிரிவு மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசுக்கான படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாநிலச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய்க் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெலோஷிப்பை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு. ஆனால் கதவு முழுவதும் மூடவில்லை. யூ.ஜி.சி. நெட் தேர்வில் "சமூக மருத்துவம் மற்றும் சமுதாய நலம்" என்று தனிப் பாடமே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று பிஎச்.டி. சேர்ந்தால், 2023-ல் உயர்த்தப்பட்டபடி மாதம் ரூ.37,000 உதவித்தொகை கிடைக்கும். வெளிநாட்டுப் படிப்புக்குச் செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ், ஃபுல்பிரைட்-நேரு ஆகிய உதவித்தொகைகளையும், உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கும் உதவும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் திட்டத்தையும் பார்க்கலாம். செவனிங்குக்கு இரண்டாண்டும் ஃபுல்பிரைட்டுக்கு மூன்றாண்டும் வேலை அனுபவம் கேட்பார்கள் என்பதால், பட்டம் முடித்த உடனே ஒரு களப்பணியில் சேர்வது நல்லது.

வேலை: உள்ளதை உள்ளபடி

இதில் மிகைப்படுத்தி ஏமாற்றக் கூடாது. எம்.பி.எச். முடித்தவர் டாக்டர் அல்ல. மருந்து எழுத முடியாது. தமிழகப் பொது சுகாதாரத் துறையின் சுகாதார அலுவலர் போன்ற மருத்துவ அலுவலர் பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். அவசியம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. செய்வது வேறு பாதை.

மற்றவர்களுக்கான வாய்ப்புகள் இவை: தேசிய சுகாதார இயக்கத்தில் மாநில, மாவட்ட அளவிலான ஆலோசகர், தரவு மேலாளர் பணிகள், ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களின் ஆய்வுத் திட்டங்கள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், கல்லூரி ஆசிரியர் பணி. பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. துறையோடு போட்டி போடாது. புள்ளிவிவரத்தில் கை தேர்ந்தவர்களும், நன்றாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர்களும் சில ஆண்டுகளில் நல்ல நிலைக்கு வந்துவிடுகிறார்கள். இதை அறிந்து, மனம் ஒப்பிச் சேர்பவருக்கே இந்தப் படிப்பு.

நம் ஊர்களில் காத்திருக்கும் கேள்விகள்

ஆய்வேட்டுக்கு தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. மேலப்பாளையத்தில் நம் தாய்மார்கள் வீட்டுக்குள்ளேயே பீடி சுற்றுகிறார்கள். அந்தப் புகையிலைத் தூளோடு வளரும் குழந்தைகளின் மூச்சு எப்படி இருக்கிறது? வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிலில் உள்ளவர்களின் தோல், நுரையீரல், குடிநீர் நிலை என்ன? கணவர் வளைகுடாவில் இருக்க, இங்கே தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணின் மனநிலையை யார் கேட்டார்கள்? ரமளானில் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள் மருந்து நேரத்தை யாரிடம் கேட்டு மாற்றுகிறார்கள்? பெண் மருத்துவர் இல்லாததால் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விகளுக்கு நம் சமுதாயப் பெண்கள் ஆய்வாளர்களாக வந்தால்தான் உண்மையான பதில் கிடைக்கும். வாசலில் நிற்கும் அந்நிய ஆணிடம் சொல்லாததை, உள்ளே வந்து உட்கார்ந்து தமிழிலும் உருதுவிலும் பேசும் ஒரு பெண்ணிடம் சொல்வார்கள். பெற்றோர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சொந்த ஊரை ஆராய்பவர் தன் ஊரைக் காப்பாற்ற எண்ணி முடிவை மாற்றிவிடக் கூடாது. வந்த முடிவு நமக்குக் கசப்பாக இருக்கலாம். பெண்கள் சிகிச்சைக்கு வராததற்குக் காரணம் மருத்துவமனை அல்ல, வீட்டு ஆண்கள்தான் என்றுகூடத் தெரியவரலாம். அதையும் அப்படியே எழுத வேண்டும். நம்மை நம்பிச் சொன்னவரின் பெயரை வெளியிடாமல் காப்பதும் அமானிதம். அவர் சொன்னதைத் திரிக்காமல் எழுதுவதும் அமானிதம்.

இப்போதே செய்யக்கூடியவை

கல்லூரியில் இருக்கும் மாணவர்கள், சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழி நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைகள் பாடத்தை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் உங்கள் மாவட்டத்துக்கான தகவல் தாள் இணையத்தில் இருக்கிறது. அதைத் திறந்து ரத்தசோகை, தடுப்பூசி, பிரசவம் பற்றிய எண்களைப் பாருங்கள். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்கத் தோன்றினால், இந்தத் துறை உங்களுக்கானது.

ஜமாஅத்துகளும் சமுதாய அமைப்புகளும் ஆம்புலன்ஸ், ரத்ததானம், மருத்துவ முகாம் என்று அரும்பணி செய்துவருகின்றன. முகாமுக்கு வந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்கு மறுநாள் எங்கே போகிறது? பெயரை நீக்கி, வயது, தெரு, தொழில் வாரியாக அதைப் பதிந்துவைத்தால், மூன்று ஆண்டுகளில் அந்த ஊரின் நோய் வரைபடம் தயாராகிவிடும். அதைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ தேர்ந்தெடுத்து, கல்வி நிதியில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம்.

நோயுற்றவரை நலம் விசாரிப்பதை நம் மார்க்கம் ஒரு முஸ்லிமின் கடமையாக்கியிருக்கிறது. ஒரு தெருவே ஏன் நோயுறுகிறது என்று விசாரிக்கத் தெரிந்தவர்களும் நம்மிலிருந்து உருவாக வேண்டும். அத்தகைய பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.